வயர் இல்லாத மவுஸும் இரட்டை விழுந்த பில்லும்

கடைக்குக் கணனி வாங்கப் போகும் வியாபாரச் சகோதரர்கள் நாலு இடத்தில் விலை விசாரிப்பார்கள். பிரின்டருக்கு மை எவ்வளவு முடியும் என்று கேட்பார்கள். பில் போடும் மென்பொருளுக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டுமா என்றும் கேட்பார்கள். மவுஸைப் பற்றி மட்டும் எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. விற்பவர் பெட்டிக்குள் எதைப் போட்டுத் தருகிறாரோ அதுதான். வேலணையில் ஹாட்வெயார் கடை நடத்தும் நானும் அப்படி இருந்தவன்தான். மூன்று மாதக் கணக்கைப் பிழையாக்கி, கடையில் நின்ற ஒரு பையன் மீது வீண்பழி விழவும் காரணமாக இருந்தது அந்தச் சின்னச் சாமான்தான் என்று தெரிந்த பிறகே, அதைப் பற்றித் தேடி அறியத் தொடங்கினேன்.

முதலில், வயர் இல்லாத மவுஸ் எங்களுக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாட்வெயார் கடையின் மேசையில் ஆணி நிறுக்கும் தராசு, பெயின்ட் கலர் அட்டை, வாடிக்கையாளர் கொண்டுவந்து வைக்கும் பழைய பைப் துண்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மவுஸின் வயர் இவற்றில் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தகரத்தின் விளிம்பு பட்டு வயர் அறுந்தே போனது. அதன் பிறகுதான் வயர்லெஸ்ஸுக்கு மாறினோம்.

மவுஸ் என்ற பெயரே வாலை வைத்து வந்தது. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் ஆய்வுகூடத்தில் 1964ஆம் ஆண்டு பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சில்லுகள், பின்னால் வால்போல ஒரு வயர். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பகிரங்கமாக இயக்கிக் காட்டினார்கள். வாலை வெட்டுவதற்கு ஆரம்பத்தில் டீவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தினார்கள். இடையில் ஒரு புத்தகம் வைத்தாலும் அது வேலை செய்யாது. வானொலி அலையில் இயங்கும் மவுஸை 1991இல் லொஜிடெக் நிறுவனம் கொண்டுவந்தது. பின்னர் பரவலாக வந்தவை 27 மெகாஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்தவை. அவற்றில் மேசையை விட்டுச் சற்று விலகினாலே தொடர்பு அறுந்துவிடும். இன்று நாம் வாங்குபவை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகை. நகத்தளவு ரிசீவரைக் கணனியில் செருகிவிட்டால் சுமார் 10 மீற்றர் வரை வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கும்.

அந்தப் 10 மீற்றர், இடையில் ஒன்றும் இல்லாத வெளியில் எடுத்த கணக்கு. என் கடையில் கணனிப் பெட்டி இரும்பு மேசைக்குக் கீழே, ரிசீவரோ அதன் பின்பக்கத்தில், அதற்குப் பின்னால் கூரைத்தகரம் அடுக்கியிருந்தது. இரும்பு இந்த அலையை மறிக்கும். மவுஸுக்கும் ரிசீவருக்கும் இடையே முக்கால் மீற்றர்கூட இல்லை, ஆனாலும் திரையில் அம்புக்குறி நொண்டிக்கொண்டுதான் போனது. ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றியதும் பாதி சரியாகிவிட்டது. ஒரு மீற்றர் யூ.எஸ்.பி. நீட்டு வயர் வாங்கி ரிசீவரை மேசைக்கு மேலேயே கொண்டுவந்ததும் மீதியும் சரியானது.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. கணக்கைப் பிரதி எடுத்து வைக்க நாங்கள் செருகும் ஹாட் டிஸ்க் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3.0 வகை. உள்ளே நீல நிறம் தெரியும் துளை அதற்குரியது. அது வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்புகிறது. இதை 2012இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஆகவே பிரதி எடுக்கும் நேரத்தில் மவுஸ் துள்ளினால் மவுஸைக் குறை சொல்ல வேண்டாம். ரிசீவரைத் தூரத்துத் துளையில் செருகிப் பாருங்கள். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இதே அலைவரிசைப் பக்கத்தில்தான் இயங்குகின்றன.

நகைக்கடை, புடவைக்கடை, பென்சிக் கடைச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிச் சோகேசின் மேல் சாதாரண மவுஸ் ஓடாது. அதன் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கெமரா. கீழே உள்ள பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டுதான் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் படமெடுக்க ஒன்றும் இல்லை. கண்ணாடியிலும் ஓடும் மவுஸ் 2009 முதல் இருக்கிறது, அதற்கு விலை அதிகம். ஒரு பழைய கலண்டர் மட்டையை விரித்தால் போதும்.

கடையில் இரண்டு மேசை வந்தபோது ஒரே மாதிரி இரண்டு மவுஸ் வாங்கினேன். ஒருநாள் மேசையைக் கூட்டித் துடைத்தவர் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். நான் இங்கே மவுஸை அசைக்க, அங்கே பெயின்ட் பில் போட்டுக்கொண்டிருந்தவரின் திரையில் அம்புக்குறி ஓடுகிறது. அவர் கணனிக்கு வைரஸ் பிடித்துவிட்டது என்று ஆளை ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மவுஸும் தன் ரிசீவரோடு மட்டும் பேசும்படி கட்டப்பட்டது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். இப்போது ஒரு சோடிக்குச் சிவப்புப் பெயின்ட் பொட்டு, மற்றதற்குப் பச்சை. ரிசீவர் தொலைந்தால் மலிவு மவுஸ்களில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான். வேறு ரிசீவரை இணைக்கும் வசதி சில நிறுவனங்களின் சாமானில் மட்டுமே உண்டு. லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போய்வருபவர்கள், ரிசீவரைக் கழற்றி மவுஸின் வயிற்றுக்குள் வைத்துவிடுவது நல்லது. பல மவுஸ்களில் பற்றரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு குழி இருக்கிறது.

பற்றரியில் நான் செய்த கஞ்சத்தனத்தையும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் மலிவுப் பற்றரியையே போட்டேன். எங்கள் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடற்காற்று. உப்பு ஈரம் பட்டு இரும்புச் சாமானே அலுமாரிக்குள் துருப்பிடிக்கும்போது, மவுஸுக்குள் இருக்கும் மெல்லிய சுருள்கம்பி எம்மாத்திரம்? பற்றரியும் கசிந்து, கம்பியில் வெள்ளைப் பூ பூத்துவிட்டது. அல்கலைன் பற்றரியின் கசிவு காரத்தன்மை உடையது. பஞ்சில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டுப் போட்டால் பெரும்பாலும் பிழைக்கும். வெறும் கையால் தொட வேண்டாம். ஜும்ஆவுக்குக் கடை பூட்டும்போதும் இரவிலும் அடியில் உள்ள சுவிட்சை நிறுத்தும் பழக்கம் வந்தபின் பற்றரி முன்னையதைவிட நீண்ட நாள் வருகிறது. சார்ஜ் பண்ணும் பற்றரியும் போடலாம். அது 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட்தான். ஆகவே பற்றரி குறைந்துவிட்டது என்ற சிவப்பு விளக்கு முந்தியே எரியக்கூடும், பதற வேண்டியதில்லை.

இனி அந்த மூன்று மாதக் கதை.

மாலையில் பணப்பெட்டியை எண்ணினால், கணனி சொல்லும் தொகையைவிடக் குறைவாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அல்ல. கிழமையில் ஒருநாள், இரண்டு நாள். 450 ரூபா, 1,200 ரூபா என்று. மேசையில் நின்றது பக்கத்து ஊர்ப் பையன். நல்ல பிள்ளை. நான் நேரே கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் கேட்பது எப்படி என்று முதலாளிமாருக்குத் தெரியும்தானே. “காசு விஷயத்தில் கவனம் தம்பி” என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு மாதம் அவனுடைய சம்பளத்தில் 3,400 ரூபாவைக் குறைத்தும் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவன் வராமல் விட்டதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

அவன் போன பிறகும் காசு குறைந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சமையலறை கட்ட எங்களிடம் கணக்கில் சாமான் எடுத்தார். மாதமுடிவில் தொகையைச் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார்.

“தம்பி, நான் எடுத்தது எட்டு மூடை சீமெந்து. உம்மட மெசினுக்குப் பதினாறு எப்படி வந்தது?”

“இல்லை மாஸ்டர், ரெண்டு பில் இருக்கு” என்றேன்.

“ரெண்டு பில்லுக்கும் நேரத்தைப் பாரும்.”

பார்த்தேன். அடுத்தடுத்த இலக்கம், அதே சாமான், அதே தொகை, ஒரே நிமிடம். எட்டு மூடை ஏற்ற லான்ட்மாஸ்டருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அவர் முன்னிலையிலேயே ஒரு புதுப் பில் போட்டுப் பார்த்தேன். ‘சேமி’ என்ற இடத்தில் ஒரு தடவைதான் அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் இரண்டு பில் விழுந்தது.

விடயம் இதுதான். மவுஸின் பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச், அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. அழுத்தும்போது அது கிளிக் என்று மடிந்து தொட வேண்டும், விட்டதும் நிமிர வேண்டும். புதிதாக இருக்கும்போதுகூடத் தகடு தொடும் கணத்தில் சற்று அதிரும். அந்த அதிர்வை மவுஸுக்குள் உள்ள சிப் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிடும். இலட்சக்கணக்கான தடவை அழுத்தித் தகடு தளர்ந்து, தொடும் முனையும் கறுத்துவிட்டால் அதிர்வு நீளுகிறது. ஒரு அழுத்தலைச் சிப் இரண்டாக எண்ணிவிடுகிறது. இந்த நோய் வயர் உள்ள மவுஸுக்கும் வரும். வயர்லெஸ்ஸில் இதோடு வேறொன்றும் சேர்கிறது: பற்றரி இறங்கினாலோ தொடர்பு நொண்டினாலோ திரை அசையாது, நாம் பொறுமை இழந்து மறுபடி அழுத்துவோம், பிறகு எல்லா அழுத்தலும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

பிரின்டர் இரண்டு துண்டு தள்ளியிருந்தால் கண்டிருப்போம். எங்களிடம் கேட்பவருக்கு மட்டுந்தான் துண்டு அடிப்பது. கடன்காரருக்குக் கொப்பியில் எழுதுவதோடு சரி. கணனியைவிடக் கடையில் சாமான் கூட இருந்ததையும் ஒருதடவை கவனித்தேன். கூட இருந்தால் எந்த முதலாளி காரணம் தேடுவான்?

அன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து மூன்று மாதப் பில்லையும் உருட்டிப் பார்த்தேன். ஒரே நிமிடத்தில் இரட்டை விழுந்தவை 19. அவற்றில் 6 கடன் கணக்கு. அந்த ஆறில் இருவர் முழுத்தொகையையும் கட்டியே முடித்திருந்தார்கள். நம்பிக் கட்டியிருக்கிறார்கள். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்பவருக்கு அல்குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கையைச் சிறுவயதிலிருந்தே ஓதி வருகிறோம். தராசைச் சரியாக வைத்துவிட்டு மவுஸில் இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. தெரியாமல் வந்ததற்கு என்ன செய்வது என்று ஒரு மௌலவியிடம் கேட்டேன். தெரிந்த நிமிடத்திலிருந்து அது அடுத்தவரின் ஹக், உரியவரைத் தேடிக் கொடுப்பதுதான் முதல் வேலை என்றார். ஒருவர் உள்ளூர்க்காரர். மற்றவர் கொழும்புக்குப் போயிருந்தார். வங்கிக் கணக்கு இலக்கம் வாங்கி அனுப்பினேன்.

பையனின் வீட்டுக்கும் போனேன். 3,400 ரூபாவைத் தாயாரின் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். தேத்தண்ணி தந்தார். அவன் யாழ்ப்பாண டவுனில் வேறு கடையில் சேர்ந்துவிட்டான். அங்கேயும் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணை” என்றான். திரும்பி வா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

உங்கள் மவுஸைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். திரையில் உள்ள ஒரு கோப்புப் பெட்டியின் மேல் ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பல இடத்தில், முப்பது நாற்பது தடவை. ஒரு தடவையாவது அது தானாகத் திறந்தால் பொத்தான் போய்விட்டது. திருத்திக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள். அத்தோடு, பில்லைச் சேமிக்க மவுஸை விட்டுவிட்டு விசைப்பலகையின் விசை ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். மென்பொருள் தருபவரிடம், ஒருதடவை அழுத்தியதும் ‘சேமி’ பொத்தான் பூட்டிக்கொள்ளும்படி செய்து தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் செய்துதர அவருக்கு அரைநாள்கூடப் பிடிக்கவில்லை.

நடுவில் உள்ள உருளையும் ஆபத்தானதே. சில மென்பொருள்களில் அம்புக்குறி எண்ணிக்கைக் கட்டத்தின் மேல் நிற்கும்போது உருளையைச் சுழற்றினால், பக்கம் நகர்வதற்குப் பதிலாக 10 என்பது 11, 12 என்று ஏறிவிடும். எண்ணிக்கை போட்டதும் வெறுமையான இடத்தில் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் உருளையைத் தொட வேண்டும்.

வங்கி வேலையைக் கடைக் கணனியில் செய்பவர்கள் இதையும் கவனிக்கவும். 2016இல் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமொன்று, பல பிரபல நிறுவனங்களின் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்களுக்குத் தூரத்திலிருந்தே பொய்யான விசை அழுத்தங்களை அனுப்பிக் கணனியை இயக்கலாம் என்று காட்டியது. சில நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. பழைய, மலிவுச் சாமான்களுக்குத் திருத்தம் வந்ததாகத் தெரியவில்லை. வேலணையில் யாரும் வேலிக்குப் பின்னால் அப்படிக் காத்திருக்கப் போவதில்லை. புறக்கோட்டை போலக் கடைக்குக் கடை சுவர் ஒட்டிய இடத்தில் இருப்பவர்கள் இரவில் ரிசீவரைக் கழற்றிவிடுவது, வங்கி வேலைக்கு வயர் உள்ளதைப் பயன்படுத்துவது உத்தமம்.

வயர்லெஸ்ஸை நான் விடவில்லை. சீமெந்துத் தூசுக்கும் தகரத்துக்கும் நடுவே அதுதான் வசதி. வருடத்துக்கு ஒருதடவை, நோன்புப் பெருநாளுக்கு முன் சக்காத் கணக்குப் பார்க்கும்போது புதியது மாற்றுகிறேன். இழுப்பறையில் வயர் உள்ள ஒன்றும் கிடக்கிறது. கடைசிப் பில்லை எடுத்து, இலக்கத்தையும் நேரத்தையும் பார்த்துவிட்டுத்தான் இப்போது கடை பூட்டுவது.