எண்ணெய்ப் போத்தலும் உங்கள் உடம்பும்

பிரித்தானியாவுக்கு வந்து சில மாதங்களில், "உடுப்பெல்லாம் இறுகுது, ஏனெண்டு தெரியேல்லை" என்று எங்களிடம் சொல்பவர்கள் பலர். சோற்றைக் குறைத்தும் பலன் இல்லை என்கிறார்கள். பல வேளைகளில் காரணம் சோறு மட்டுமல்ல, அதோடு சேரும் கொழுப்பும்தான்.

ஒரு கிராம் மாப்பொருளிலும் புரதத்திலும் 4 கலோரி. கொழுப்பில் 9 கலோரி. ஆனால் வயிறு கலோரியை எண்ணாது, சாப்பாட்டின் அளவைத்தான் கூடுதலாக உணரும். எண்ணெய் இடத்தை அடைக்காது. அதனால் வழமையான ஒரு கோப்பைச் சாப்பாட்டிலேயே கலோரி ஏறிவிடும்.

1987இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 24 பெண்கள் கொழுப்பு குறைந்த, நடுத்தர, கூடிய உணவுகளை இரண்டிரண்டு கிழமை விரும்பிய அளவு சாப்பிட்டார்கள். நடுத்தர உணவோடு ஒப்பிட்டால், கொழுப்பு குறைந்தபோது 11 வீதம் குறைவான கலோரியும், கூடியபோது 15 வீதம் கூடுதலான கலோரியும் உட்கொண்டார்கள். நிறையும் அதற்கேற்ப மாறியது. ஒருவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஆகவே நிறை கூடினால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதை மாற்றுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒரு லீற்றர் போத்தலை ஒருவரே ஒரு கிழமையில் முடித்தால், நாளுக்கு 1,100 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்து மட்டும் சேரும்.

தென்னாசியர்களான எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐ எட்டினாலே நீரிழிவு ஆபத்து கூடத் தொடங்கும். 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு இது ஏறக்குறைய 66 கிலோ. வேலை செய்ய அனுமதியில்லாமல் அறைக்குள் காத்திருக்கும் காலத்தில் இது இன்னும் முக்கியம்.

என்ன செய்யலாம்?

• எண்ணெயைப் போத்தலால் ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள்.
• பொரியலைக் கிழமைக்கு ஒரு நாளாக்குங்கள்.
• கிறிஸ்ப்ஸ் வாங்கினால் பெரிய பக்கற் வேண்டாம். கண்ணுக்கு முன்னால் வைக்கவும் வேண்டாம்.
• பொதியில் கொழுப்புக்கு நேரே சிவப்பு நிறம் இருந்தால், 100 கிராமில் 17.5 கிராமுக்கு மேல் கொழுப்பு என்று பொதுவாக அர்த்தம்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தாது; அவர்களுக்குக் கொழுப்பு தேவை. மெலிந்துபோய் வந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவது இலவசம். விசாவோ முகவரிச் சான்றோ தேவையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முற்கூட்டியே சொல்லுங்கள், அதற்கும் காசில்லை. நீரிழிவுக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.