சித்தி பார்த்த ஹாலோவீன்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

என் சித்தி ஒரு விமானப் பணிப்பெண். லண்டனிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் செல்லும் விமானத்தில் அடிக்கடி பணியாற்றுபவர். சென்ற ஆண்டு நவம்பர் முதல் நாள் விடியற்காலையில் அவர் அனுப்பிய புகைப்படம் ஒன்று எங்கள் வீட்டில் பெரிய கலவரத்தை உண்டாக்கிவிட்டது. தலையில் கூம்பு போன்ற கறுப்புத் தொப்பி. கையில் ஒரு துடைப்பம். சூனியக்காரி வேடத்தில் சித்தி சிரித்துக்கொண்டு நின்றார்!

பாட்டி திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “சகல புனிதர்கள் திருநாளும் அதுவுமாகப் பேய் வேஷமா? நாளைக்கு அப்பன் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வர நேரமில்லை. தொப்பி மாட்ட மட்டும் நேரம் இருக்கிறதோ?” என்றார். அம்மா அழுதேவிட்டார். ஆகவே சித்தியின் சார்பில் வழக்காட நான் சில புத்தகங்களைப் புரட்டினேன். சித்தியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் முதல் வாதம் கடிகாரத்தைப் பற்றியது. இங்கே நவம்பர் 1 காலை ஐந்தரை மணி என்றால், பாஸ்டனில் அக்டோபர் 31 இரவு எட்டு மணி. ஆகவே சித்தி வேடமிட்டது திருநாளன்று அல்ல, முந்தின மாலை. அந்த முந்தின மாலைக்குப் பெயர்தான் ஹாலோவீன். ‘ஹாலோ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். ‘ஈன்’ என்பது மாலை என்ற சொல்லின் சுருக்கம். பெயரே நம் திருச்சபையிலிருந்து சென்றதுதான்! ஏழாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இத்தகைய திருநாள் மே மாதம் 13-ஆம் தேதி கொண்டாடப்பட்டது. பின்னர் அது நவம்பர் முதல் நாளுக்கு மாறியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாப்பரசர் நான்காம் கிரகோரியார் காலத்தில் அந்த நாள் பரவலாக நிலைபெற்றது. அயர்லாந்தின் பழங்குடி மக்கள் அதே சமயத்தில் ‘சவின்’ என்ற விழாவை வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலவும் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு மூத்த உறவு உண்டு. முற்காலத்தில் இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வாசலில் நின்று ‘ஆன்ம அப்பம்’ கேட்பார்களாம். அப்பம் கொடுத்தால் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். இதைப் படித்துக் காட்டியபோது பாட்டியின் முகம் சற்றே இளகியது. விளக்குக்கு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். 1845-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் குடைவதற்கு எளிதாகப் பெரிய பரங்கிக்காய் கிடைத்தது, கிழங்கை மறந்துவிட்டார்கள். பரங்கிக்காயின் பூர்வீகமும் அமெரிக்காதான். நம் ஊருக்குப் பரங்கியர் கொண்டுவந்ததால் அந்தப் பெயர் என்பார்கள்.

இனி இலைகள். பாஸ்டனை நெருங்கி விமானம் இறங்கும்போது, பணிப்பெண்களும் கதவருகே உள்ள மடக்கு இருக்கையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேலைக்கு நடுவே சித்திக்குக் கிடைக்கும் ஓய்வு அந்தச் சில நிமிடங்கள்தான். அக்டோபரில் அந்தக் கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால், காடு முழுவதும் மஞ்சள்பொடியும் குங்குமமும் கொட்டியது போல இருக்குமாம். பகல் குறுகிக் குளிர் வந்ததும் இலையிலுள்ள பச்சையம் சிதைந்துவிடுகிறது. மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை. கோடை முழுவதும் பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இப்போது வெளிப்படுகிறது. மேப்பிள் மரத்தின் சிவப்போ, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அப்போதுதான் செய்வது. பிறகு காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு படலம் வளர்ந்து இலையை விடைகொடுத்து அனுப்புகிறது. நமக்கு அது ஐப்பசி; இங்கே உதிர்வது மழை.

பயணிகளின் கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு வருடம் அக்டோபர் 31 அன்று டிராகுலா வேடத்தில் ஏறிய ஒரு பெரியவர், குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டதும், குரலைத் தாழ்த்தித் “தக்காளிச் சாறு” என்றாராம். பரங்கிக்காய் உடையில் வந்த ஒரு குழந்தைக்கு பெல்ட் எட்டவே இல்லை. காயைக் கழற்றி மேல் தட்டில் வைத்தபின்தான் விமானம் நகர்ந்தது. குழந்தை பாதி வழி அழுதது.

இப்போது அந்தத் தொப்பிக்கு வருகிறேன். பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் சேலம் என்று ஓர் ஊர். (நம் சேலம் அல்ல!) சென்ற ஆண்டு அங்கே வேடிக்கை பார்க்கப் போனபோதுதான் சித்தி அதை வாங்கினார். அக்டோபரில் அவ்வூர்த் தெருவெல்லாம் சூனியக்காரித் தொப்பிகளாம். ஆனால் 1692-இல் அங்கே நடந்தது வேடிக்கை அல்ல. ஒன்பது வயதிலும் பதினொரு வயதிலும் இருந்த இரண்டு சிறுமிகள் துடித்து விழுந்தார்கள். யாரோ சூனியம் வைத்ததாகப் பேச்சு எழுந்தது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். நீதிமன்றம் நம்பியது. சில மாதங்களுக்குள் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குற்றம் சாட்டிய பெண்களுள் ஒருத்தி 1706-இல் தேவாலயத்தில் எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்டாள். சாட்சி சொன்னபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. நம் வகுப்பில் யாரோ ஒருத்தி மேல் நாம் கிளப்பிவிடும் பேச்சுகள் என் நினைவுக்கு வந்தன. அக்காலத்துச் சேலம் மக்கள் பியூரிட்டன்கள். புனிதர் திருநாளையும் கொண்டாடாதவர்கள், ஹாலோவீனையும் கொண்டாடாதவர்கள்.

இறந்த இருபது பேருக்கும் 1992-இல் அங்கே நினைவிடம் அமைத்தார்கள். மதிற்சுவரிலிருந்து நீளும் இருபது கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த தேதி, இறந்த விதம். புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் சித்தி அந்த இடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துவிட்டாராம்.

நவம்பர் 2 இரவு சித்தி தொலைபேசியில் இதைச் சொன்னபோது பாட்டி குறுக்கே பேசவில்லை. ரெபெக்கா நர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், “அந்த அம்மாவுக்கு என்ன வயது?” என்றார்.

“எழுபத்தொன்று, அம்மா. பக்தியுள்ள பாட்டியாம்.”

“என்னைவிட இரண்டு வயது மூப்பு” என்றார் பாட்டி. பிறகு, “அப்பாவுக்கு உன் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். மழையில் அணைந்து அணைந்து போனது. சாப்பிட்டாயா?” என்று கேட்டார்.

சித்தி பங்குனியில் விடுமுறைக்கு வந்தபோது அந்தத் தொப்பியும் பெட்டியில் வந்தது. பாட்டி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் வடகம் காயும் இடத்தில் ஒரு குச்சியின் மேல் மாட்டிவிட்டார். காக்கைகள் இரண்டு நாள் பயந்தன.