வாயில்லா உயிர்களும் பருவக் காப்பும்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். உழவன் பருவம் பார்த்து விதைக்கிறான். தாய் பருவம் பார்த்துக் குழந்தைக்கு உணவூட்டுகிறாள். அங்ஙனமே, நாயையும் பூனையையும் வீட்டில் வளர்ப்போரும் பருவம் அறிந்து அவற்றைக் காத்தல் வேண்டும். மனிதன் தனக்குற்ற நோயை வாய் திறந்து கூறுவான். விலங்கு கூறாது. அதன் கண்ணும் நடையும், உணவில் அது காட்டும் விருப்பும் வெறுப்புமே அதன் மொழியாகும். அம்மொழியை அறிந்தவரே நன்கு வளர்ப்பவர் ஆவர்.

விருதுநகரிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைக் கடந்தால் நரிக்குடி வரும். அது வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் வயல் விளையும். வானம் பொய்த்தால் சீமைக்கருவேலமே எஞ்சும். அவ்வூரின் பெயரிலேயே நரி இருக்கிறது. நரியும் நாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது விலங்கு நூலார் துணிபு. அப்பகுதியில் ஆட்டுக்கிடைக்கு நாய் காவல். தவசம் நிறைந்த வீட்டிற்குப் பூனை காவல். விருதுநகர் மாவட்டம் நாய்க்குப் பெயர்போனதும் ஆகும். இராசபாளையம் என்னும் நாயினம் அம்மாவட்டத்து ஊரொன்றின் பெயரைத் தாங்கியது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதன் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

1879ஆம் ஆண்டில் திருச்சுழியிற் பிறந்தவர் இரமண மகரிஷி. அவர் திருவண்ணாமலையில் வாழ்ந்தபோது ஆசிரமத்து நாய்களுக்கு முதலில் உணவிடச் செய்வார். இலட்சுமி என்னும் பசுவிற்கும், ஜாக்கி என்னும் நாய்க்கும், வள்ளி என்னும் மானுக்கும் அங்கே சமாதிகள் எழுப்பப்பெற்றிருப்பதை இன்றும் காணலாம். வாயில்லா உயிரையும் மதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும், அன்பு மட்டும் இருந்தாற் போதாது. அறிவும் உடனிருத்தல் வேண்டும்.

கோடையை முதலில் நோக்குவோம். சித்திரை, வைகாசித் திங்களில் நரிக்குடிப் பகுதியில் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மனிதனுக்கு உடல் முழுதும் வியர்க்கும்; அவ்வியர்வை உலரும்போது உடல் குளிரும். நாய்க்கோ அந்த வசதி இல்லை. அதன் உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்க்கும். ஆதலின் அது நாவைத் தொங்கவிட்டு விரைந்து மூச்சு வாங்கித் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை வரை இருக்கும். கடும் வெயிலில் அது 104 பாகைக்கு மேல் ஏறுமாயின் தீங்கு நெருங்கிவிட்டது என அறிக. ஓயாத இளைப்பு, கெட்டியான உமிழ்நீர், ஈறு சிவத்தல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அதன் குறிகள். அப்பொழுது நாயை நிழலுக்குக் கொண்டு சென்று, வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் பாதங்களிலும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுதல் வேண்டும். உணர்வு தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாக நீர் பருகச் செய்யலாம். பின்னர்க் காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

நோய் வந்தபின் ஓடுவதினும் வருமுன் காப்பதே எளிது. தகரப் பாத்திரத்து நீர் வெயிலில் கொதித்துவிடும்; ஆதலின் மண்சட்டியில் நீர் நிறைத்து நிழலில் வைத்தலும், நாள்தோறும் இருமுறையேனும் மாற்றுதலும் நன்று. தகரக் கொட்டகையின்கீழ் நாயைக் கட்டிவைத்தலும், கதவடைத்த வண்டிக்குள் விட்டுச் செல்லுதலும் கூடா. தார்ச்சாலையில் நம் புறங்கையைச் சில நொடி வைத்துப் பார்க்கலாம். நம் கை பொறாத சூட்டை நாயின் காலும் பொறாது. கதிரவன் எழுமுன்னும் விழுந்த பின்னுமே அதனை உலவ அழைத்துச் செல்லல் வேண்டும்.

பூனையின் இயல்பு வேறு. அதன் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். ஆதலின் அது குறைவாகவே நீர் பருகும். நீர் குறைந்தால் சிறுநீர்ப்பையில் கல் தோன்றுதல் கூடும். ஆண்பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் கழிக்க இயலாது தவிக்குமாயின், மலச்சிக்கல் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அது ஓரிரு நாளில் உயிரைப் போக்கவல்ல அடைப்பாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். வெடித்த நிலம் பசுமை பெறும். அப்பசுமையோடு உண்ணிகளும் பெருகும். உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு கடுங்காய்ச்சலையும் நாய்க்குத் தந்துவிடும். செவியின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பார்த்து, உண்ணி இருப்பின் இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேரே இழுத்து எடுத்தல் வேண்டும். அதனை விரலால் நசுக்குதல் தீது. மண்ணெண்ணெய் தடவுதல் அதனினும் தீது. இங்கு ஒன்றை மறவாது மனத்திற் கொள்க. நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளுட் சில பூனைக்கு நஞ்சாகும். அதுபோலவே, மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. அன்பினால் கொடுத்த மருந்தே கூற்றாகி விடலாம்.

மழைக்காலத்துத் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதனால் எலிக்காய்ச்சல் நாயைப் பற்றும்; நாயிடமிருந்து மனிதரையும் பற்றக்கூடும். ஆதலின் குட்டை நீரைப் பருகவிடாது தடுத்தல் வேண்டும். தீபாவளியும் இப்பருவத்தில் வருவதே. பட்டாசிற்குப் பெயர்பெற்ற சிவகாசியும் இம்மாவட்டத்து ஊரே ஆகும். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரையும், பூனையின் செவி அதற்கு மேலும் கேட்கும். மெல்லிய ஒலியையும் கேட்கும் அச்செவிக்கு வெடியின் முழக்கம் எத்துணை அச்சம் தரும்! அந்நாளில் அவற்றை உள்ளறையில் வைத்துச் சாளரங்களை மூடுதல் வேண்டும். வாலில் சரவெடி கட்டுவது விளையாட்டன்று, கொடுமை.

மார்கழி, தைத் திங்களில் பனி பெய்யும். வெறுந்தரையின் குளிர் குட்டிகளுக்கு ஆகாது. பலகையின்மேல் பழஞ்சாக்கு விரித்துக் கொடுத்தல் போதும். பூனை கதகதப்பை நாடி மோட்டார் வண்டியின் பொறிக்குள் புகுந்து உறங்குவதுண்டு. ஆதலின் வண்டியை இயக்குமுன் அதன் மூடியைத் தட்டி ஒலி எழுப்புதல் நலம். தெருவெங்கும் நாய்க்குட்டிகள் திரியும் காலமும் இதுவே. நாயின் இளமையைக் 'குருளை' என்று வழங்கும் தொல்காப்பிய மரபியல். கண் திறவாத குருளையைக் காணும் சிறுவர் அதனை எடுத்துக் கொஞ்ச விழைவர். ஈன்ற நாய் தன் குட்டிக்கு இடர் எனக் கருதிக் கடித்துவிடும்.

இவ்விடத்தில்தான் மாணவர் அறியவேண்டிய தலையாய செய்தி உள்ளது. வெயில் மிகுந்தால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. அது தவறு. மற்ற நோய்கட்கெல்லாம் பருவம் உண்டு. வெறிநோய்க்குப் பருவமே இல்லை. அது வெப்பத்தால் வருவதன்று. வைரசு என்னும் நுண்கிருமியால் வருவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் அக்கிருமி, கடியின் வழியாகப் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடையும். நோயின் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர் மிக அரியர். ஆனால், கடித்த உடனே தக்கது செய்தால் அந்நோய் வாராமலே தடுக்கலாம்.

1885ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் பாரிசு நகரத்திற்கு அழைத்து வந்தாள். லூயி பாஸ்டர் என்னும் அறிஞர் தாம் கண்டறிந்த தடுப்பு மருந்தை அவனுக்குச் செலுத்தச் செய்தார். சிறுவன் உயிர் பிழைத்தான். தமிழகத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்டர் நிறுவனம் அப்பேரறிஞரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று அத்தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவ்வாறிருந்தும் உலகில் இந்நோயால் மடிவோருள் பதின்மரில் ஏறத்தாழ நால்வர் 15 வயதிற்கு உட்பட்ட சிறுவர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

காரணம் யாது? சிறுவர் பலர் கடியை மறைத்துவிடுகின்றனர். "நாயிடம் ஏன் போனாய்?" என்று தந்தை சினப்பாரே என அஞ்சி, சிறு கீறல்தானே என எண்ணி, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுகின்றனர். தந்தையின் சினம் ஒரு பொழுதில் தணியும், வெறிநோயோ தணிவதன்று. ஆதலின் நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், புண்ணை ஓடும் நீரிலும் சோப்பினாலும் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். அது பள்ளியின் ஒரு பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு என நினைவிற் கொள்க. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்புதல் கூடாது. உடனே பெரியோரிடம் கூறி மருத்துவமனையை அடைந்து, மருத்துவர் குறித்த நாள்களில் ஒன்றும் தவறாது ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும்.

வளர்ப்பு விலங்கிற்கும் கடமை ஒன்று செய்தல் வேண்டும். குட்டிப் பருவத்து நோய்கட்கு ஆறு முதல் எட்டு வாரத்திலும், வெறிநோய்க்கு மூன்று திங்கள் நிரம்பியதும் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் கூறும் முறைப்படி மீண்டும் போடுதல் வேண்டும். தடுப்பூசி பெற்ற நாய் வீட்டை மட்டுமன்று, தெருவையே காக்கும்.

நாய்க்கும் பூனைக்கும் வாய் இல்லை; அவற்றிற்காகப் பருவத்தை நோக்கி நாம் எண்ணுதல் வேண்டும். நமக்கு வாய் உண்டு. இடர் நேர்ந்தபோது அதனைத் திறந்து சொல்லுதல் வேண்டும். அவ்விரண்டையும் செய்வோமாயின், வாசலில் காவலும் வீட்டில் நலமும் ஒருங்கே நிலைபெறும்.