இரண்டாம் பகுதி கடினமாக வந்தால் பதறாதீர்கள்

ஜிஆர்இ தேர்வை எழுதி முடித்ததும், மதிப்பெண் தெரிவதற்கு முன்னால், திரையில் ஒரு கேள்வி வரும். மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறீர்களா, ரத்து செய்கிறீர்களா? ரத்து என்று கொடுத்துவிட்டால் எவ்வளவு வாங்கினோம் என்பதே தெரியாமல் போய்விடும். கட்டிய பணமும் திரும்ப வராது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் பொறியியல் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்தாவது சென்னை போய் எழுதிவிட்டு வருகிற தேர்வு இது. அந்தப் பொத்தானைத் தொடும் முன் அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெர்பல் எனப்படும் ஆங்கில மொழித்திறன் பிரிவின் இரண்டாம் பகுதி திணறடித்தது என்றால், முதல் பகுதியை நன்றாகச் செய்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

2023 செப்டம்பரில் இந்தத் தேர்வைச் சுருக்கினார்கள். இப்போது வெர்பலில் முதல் பகுதிக்கு 12 கேள்வி, 18 நிமிடம். இரண்டாம் பகுதிக்கு 15 கேள்வி, 23 நிமிடம். முதல் பகுதி எல்லோருக்கும் நடுத்தரமாக இருக்கும். அதில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்து, இரண்டாவதை எளிதாகவோ கடினமாகவோ கணினி எடுத்துக் கொடுக்கும். மதிப்பெண் போடும்போது அந்தக் கடினத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள். கடினமான பகுதியில் பத்து சரியாகச் செய்தவரும் எளிதான பகுதியில் பத்து சரியாகச் செய்தவரும் ஒரே மதிப்பெண் வாங்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இது புதிது. பத்தாம் வகுப்பிலிருந்து டிஎன்பிஎஸ்சி வரை எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்றுதான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். கேள்வித்தாள் கஷ்டம் என்றால் மார்க் போச்சு என்ற நினைப்பு அங்கிருந்து வருகிறது.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு வேறு மாதிரி. அதில் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அடுத்த கேள்வியின் தரம் மாறும். பாதியில் நேரம் முடிந்து கேள்விகளை விட்டுவிட்டால் மதிப்பெண் இறங்கும். ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்ப் பதிலைத் திருத்தலாம், தவறான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். முதல் ஐந்து கேள்விதான் தலையெழுத்து என்று சில இடங்களில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடைதான். முதல் மூன்று கேள்வியிலேயே பத்து நிமிடத்தைக் கரைக்கும் பிள்ளைக்கு அந்த அறிவுரை பெரிய கெடுதல்.

ஒரு கேள்வி கடினமா எளிதா என்பதை அதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை. மதிப்பெண்ணில் சேராமல் முன்கூட்டியே பலரிடம் கொடுத்துப் பார்த்து, யார் சரியாகச் செய்தார்கள், யார் வழுக்கினார்கள் என்பதிலிருந்து அதன் தரத்தைக் கணக்கிடுகிறார்கள். வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அருஞ்சொல் என்று நினைத்து, பயிற்சி மையங்களில் ஆயிரக்கணக்கான வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "கடுமைக்குப் பேர்போன அந்த அதிகாரி அன்று காட்டிய ______ ஊராருக்கு வியப்பாக இருந்தது, அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கோ வியப்பே இல்லை." கோடிட்ட இடத்தில் கோபமா, கனிவா? தெரியாத சொல் ஒன்றுகூட இதில் கிடையாது. ஆனால் "கடுமை" என்று படித்த வேகத்தில் கோபத்தைத் தொட்டுவிடுவோம், பின்பாதியில் வரும் "வியப்பே இல்லை" என்பதும் அந்தப் பக்கமே இழுக்கும். கடுமையானவர் கோபப்பட்டால் ஊராருக்கு என்ன வியப்பு? கனிவுதான் விடை. "அன்று" என்பதற்குப் பக்கத்தில் "மனம் இளகி" என்று இரண்டு சொல் சேர்த்தால் இதே கேள்வி சுலபமாகிவிடும்.

கோடுகளின் எண்ணிக்கையும் கடினத்தைக் கூட்டும். ஒரு கோடு என்றால் ஐந்து விருப்பங்களில் ஒன்று. மூன்று கோடு என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று விருப்பம், மூன்றும் சரியாக இருந்தால்தான் மார்க். குருட்டாம்போக்கில் அடித்தால் 27-ல் ஒரு வாய்ப்பு. இரண்டு சரி, ஒன்று தப்பு என்றாலும் பூஜ்யம்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இங்கே பயப்பட வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு எந்த மொழியிலும் அந்தத் திறமை கைகொடுக்கும். தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தைப் பொறுமையாகப் பிரித்துப் படிப்பது, வார்த்தைப் பட்டியலைவிட நல்ல பயிற்சி. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. உண்மைத் தேர்வைப் போலவே அவையும் தரம் மாறும். பணம் கட்டும் முன் அவற்றை எழுதிப் பாருங்கள்.

உங்களுக்குச் சில உரிமைகளும் இருக்கின்றன. எந்தத் தேதியில் எழுதிய மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அப்படியிருக்க, பயத்தில் ரத்து செய்வதற்கு அவசியமே இல்லை. அவசரத்தில் செய்துவிட்டாலும் 60 நாளுக்குள் கட்டணம் கட்டி மீட்க வழி உண்டு. 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். பார்வைக் குறைபாடு போன்ற மாற்றுத்திறன் உள்ளவர்கள் கூடுதல் நேரம் கேட்கலாம், ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே சான்றுகளோடு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். தேர்வின் நடுவே கணினி நின்றுவிட்டால் கையைத் தூக்கி உடனே கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், பிறகு இடிஎஸ்ஸுக்கும் தாமதமின்றி எழுதுங்கள்.

"ஒரிஜினல் கொஸ்டின்ஸ்" என்று டெலிகிராமில் விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். 2008-ல் ஸ்கோர்டாப் என்ற இணையதளம் ஜிமேட் கேள்விகளைக் கசியவிட்ட வழக்கில், அதைப் பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்ட 84 பேரின் மதிப்பெண்கள் ரத்தாயின. ஒருவர் கையில் கொடுத்த கேள்விகள், தரம் மாறும் தேர்வில் உங்களுக்கு வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

கோச்சிங் சென்டர் விளம்பரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சித் துறைக்கென்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மதிப்பெண்ணுக்கோ வேலைக்கோ பொய் உத்தரவாதம் தருவது, மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் அவர் படத்தைப் போடுவது எல்லாம் அதன்படி கூடாது. பயிற்சி மையத்தின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம் என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையமும் சொல்லியிருக்கிறது. "320 உறுதி" என்று பணம் வாங்கிவிட்டு வகுப்பைப் பாதியில் நிறுத்தினால், முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நேரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்கான அந்த ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். கோச்சிங் சென்டர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரசீதும் விளம்பர நோட்டீஸும் வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகளும்தான் உங்கள் சாட்சி. அதனால் பணம் கட்டும் அன்றைக்கே ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், "அப்புறம் தர்றோம்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.