மில்ட்ரெட் பர்க்

மில்ட்ரெட் பர்க் (ஆகஸ்ட் 5, 1915 – பிப்ரவரி 18, 1989) ஓர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வீராங்கனை ஆவார். 1937 முதல் 1950களின் நடுப்பகுதி வரை பெண்களுக்கான உலக வாகையாளராக விளங்கினார். அமெரிக்காவில் பெண்கள் மல்யுத்தம் பணம் ஈட்டும் தொழிலாக நிலைபெற்றதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

தொடக்க வாழ்க்கை

கேன்சஸ் மாநிலத்தின் காஃபிவில் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் மில்ட்ரெட் பிளிஸ். இளம் வயதில் உணவகத்தில் பரிமாறுபவராகவும் சுருக்கெழுத்தராகவும் வேலை பார்த்தார். கேன்சஸ் சிட்டியில் வசித்தபோது முதல் கணவர் பிரிந்து சென்றார். அப்போது இவர் கருவுற்றிருந்தார். அங்கு நடந்த மல்யுத்தப் போட்டிகளைப் பார்த்த பிறகு தாமும் மல்யுத்தம் கற்க விரும்பி, பில்லி உல்ஃப் என்ற மல்யுத்த வீரரை அணுகினார். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள இந்தப் பெண்ணை விரட்டிவிட நினைத்த உல்ஃப், ஓர் ஆண் வீரரை அழைத்து இவரைத் தூக்கித் தரையில் அடிக்கச் சொன்னதாகவும், பர்க் அந்த வீரரையே தூக்கி அடித்ததாகவும் கூறப்படுகிறது. உல்ஃப் அவரது பயிற்சியாளராகவும், பின்னர் கணவராகவும் மேலாளராகவும் ஆனார்.

1930களின் நடுவில் பெண் மல்யுத்த வீரர்கள் மிகச் சிலரே இருந்ததால், ஊர் ஊராகச் செல்லும் பொருட்காட்சிகளில் பர்க் ஆண்களுடன் மோதினார். ஏறத்தாழ இவரது எடையுள்ள எந்த ஆணும் 10 நிமிடத்திற்குள் இவரை வீழ்த்தினால் 25 டாலர் பரிசு என்பது அறிவிப்பு. இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்களுடன் மோதி ஒருவரிடம் மட்டுமே தோற்றதாகச் சொல்லப்படுவது விளம்பரக் கணக்காகவும் இருக்கலாம். ஆனால் கூட்டத்திலிருந்து எழுந்து வருபவர் யாரென்றே தெரியாத மேடையில், உண்மையான பிடிகளை அறியாமல் நெடுநாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

வாகையாளர் பட்டம்

1937 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் கிளாரா மார்ட்டென்சனை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டிலேயே பட்டம் ஒருமுறை கைமாறி மீண்டும் இவரிடம் வந்தது. தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைக்கப்படுவது. ஆகவே பட்டம் என்பது வலிமைக்குச் சான்று என்பதைவிட, யாரைப் பார்க்க மக்கள் சீட்டு வாங்குவார்கள் என்பதற்கான சான்று. அந்த வகையில் பர்க்குக்கு நிகராக அன்று வேறு பெண் எவரும் இல்லை. தசை முறுக்கேறிய உடல், வெள்ளை உடை, கல் பதித்த நகைகள் ஆகியவை இவரது அடையாளங்களாயின.

இவரது புகழைக் கொண்டு உல்ஃப் பல பெண்களுக்குப் பயிற்சி அளித்து நாடெங்கும் அனுப்பினார். அவர்களது வருவாயில் பெரும் பங்கை அவரே எடுத்துக்கொண்டார். அவர்களில் சிலருடன் அவருக்கு இருந்த உறவும் ஒளிவுமறைவாக இல்லை. 1952இல் மணமுறிவு ஏற்பட்டது. பர்க் தொழிலைத் தம் பெயரில் வாங்கினார். எனினும் போட்டி ஏற்பாட்டாளர்கள் பலர் உல்ஃப் பக்கமே நின்றதால் அது நொடித்தது.

அட்லாண்டா போட்டி

1954 ஆகஸ்ட் 20 அன்று அட்லாண்டாவில் ஜூன் பையர்ஸ் என்பவருடன் பர்க் மோதினார். பையர்ஸ் உல்ஃபின் மகனை மணந்தவர். தொழிலைக் கைப்பற்றுவது யார் என்ற பகை இருந்ததால் முடிவைப் பேசி வைக்க இரு தரப்பும் உடன்படவில்லை. எனவே இது உண்மையான சண்டையாகவே நடந்தது. மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவருக்கே பட்டம். முதல் சுற்றைப் பையர்ஸ் வென்றார். முழங்கால் காயத்தால் அச்சுற்றை விட்டுக்கொடுத்து அடுத்ததில் மீளலாம் என எண்ணியதாகப் பர்க் பின்னர் கூறினார். இரண்டாம் சுற்று முடிவின்றி நீண்டுகொண்டே போக, அதிகாரிகள் போட்டியை நிறுத்தினர். விதிப்படி பர்க் பட்டத்தை இழக்கவில்லை. ஆனால் பத்திரிகைகளில் வெற்றியாளராக வந்தது பையர்ஸின் பெயர். பெரும்பாலான ஏற்பாட்டாளர்களும் அவரையே வாகையாளராக ஏற்றனர்.

ஜப்பானும் பிற்காலமும்

பர்க் லாஸ் ஏஞ்சல்சைத் தளமாகக் கொண்டு உலகப் பெண்கள் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். 1954 நவம்பரில் சில வீராங்கனைகளுடன் ஜப்பான் சென்றார். அதுவரை அங்கு கேளிக்கை அரங்குகளில் நகைச்சுவைக் காட்சியாக இருந்த பெண்கள் மல்யுத்தம், இப்பயணத்திற்குப் பிறகு விளையாட்டாகப் பார்க்கப்படலாயிற்று. உள்நாட்டுக் குழுக்களும் உருவாயின.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜப்பானில் 'மான்ஸ்டர் ரிப்பர்' எனப் பெயர்பெற்ற கனடா வீராங்கனை ரோண்டா சிங் அங்கு பயின்றவர். பக்கவாதத்தால் 1989இல் பர்க் இறந்தார். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் 2016இல்தான் இவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. ஜெஃப் லீன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2009இல் வெளிவந்தது. அதன் அடிப்படையில் 'குயின் ஆஃப் தி ரிங்' என்ற திரைப்படமும் எடுக்கப்பட்டது.

இவர் உருவாக்கிய சங்கத்தின் பட்டத்தை 1970இல் ஐகோ கியோ வென்று ஜப்பானுக்குக் கொண்டு சென்றார். அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தின் முதன்மைப் பட்டமான அது, 'சிவப்புப் பட்டை' என்று அறியப்பட்டது. ஜாகுவார் யோகோட்டா, சிகுசா நகாயோ, புல் நகானோ, அஜா காங், மனாமி டொயோட்டா ஆகியோர் அதை ஏந்தினர். அந்நிறுவனம் 2005இல் மூடப்பட்டது.