படை வாகன மாதிரிகளில் டயர் பட்டன் திசை

டயர் பட்டன் என்பது டயரின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ள வடிவம். படை வாகனங்களின் சிறு மாதிரிகளைச் செய்வோர் இதன் திசையை எளிதில் மாற்றிப் பூட்டிவிடக்கூடும்.

அம்புமுனை வடிவப் பட்டனில் முனை முதலில் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு இரு ஓரங்களுக்கும் தள்ளப்பட்டுப் பிடிமானம் கிடைக்கும். எனவே பின்னாலிருந்து பார்த்தால் முனை மேல்நோக்கியும், முன்னாலிருந்து பார்த்தால் கீழ்நோக்கியும் தெரியும். டிராக்டரின் பின்சக்கரத்தில் இதைக் காணலாம். சேற்றில் பதியும் தடத்தில் முனை வண்டி வந்த திசையைக் காட்டும். மாதிரிப் பெட்டியில் எல்லா டயர்களும் ஒன்றுபோல இருந்தால், ஒரு பக்கத்து டயர்களைத் திருப்பிப் பூட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் 6.00-16 அளவுப் படை டயருக்குத் திசை கிடையாது. அதன் குறுக்குக் கட்டைகள் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவு பிடிக்கும். ஸ்டெப்னியை எந்தப் பக்கமும் பூட்டலாம். 1/35 அளவு மாதிரியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ.

மகிந்திரா நிறுவனம் 1947-இல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகள் உடலமைப்பை அறிய உதவும். டயர்கள் பலமுறை மாற்றப்பட்டிருக்கும் என்பதால் பட்டனுக்கு அவற்றை நம்பக்கூடாது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராசு படைப்பிரிவு மையம் உள்ளது. ஆனால் படை வளாகங்களில் அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது. அந்தந்தக் காலத்து ஒளிப்படங்களே தக்க சான்று.