கணக்கியல் ஆசிரியரின் ஆராய்ச்சியைக் கணக்கிடும் முறை

வந்தவாசியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள கலைக் கல்லூரிகளுக்கு வணிகவியல் பயிலத் தம் மக்களை அனுப்பிவைக்கும் பெற்றோர், அப்பிள்ளைகள் பரீட்சையில் பெறும் மதிப்பெண்களை நன்கு அறிந்திருப்பினும், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் உத்தியோக உயர்வுக்காக மதிப்பெண் ஈட்ட வேண்டியவராகவே இருக்கிறார் என்பதை அறிந்திருப்பது அபூர்வம். பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டில் புகுத்தி, 2018ஆம் ஆண்டு விதிகளில் மாற்றியமைத்த முறைப்படி, பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிப்பவர் குறைந்தது 10 வெளியீடுகளும் 120 ஆராய்ச்சி மதிப்பெண்களும் உடையவராயிருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏட்டில் பிரசுரமாகும் கட்டுரை ஒன்றுக்கு விஞ்ஞானத் துறைகளில் 8, வணிகவியலில் 10 என்பது அடிப்படை விகிதம்.

இந்த விதிகளில் கணக்கியல் வல்லுநர் எவரும் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு கட்டுரையை இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் முழு மதிப்பில் 70 சதவீதம். இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். தனியொருவர் எழுதினால் 10 பெறும் அதே கட்டுரை, இருவர் பெயரில் வந்தால் 14 ஆகிறது. ஐவர் பெயரில் வந்தால் 19 ஆகிறது. பற்றும் வரவும் சமமாக நிற்க வேண்டும் என்று முதலாண்டு வகுப்பிலேயே போதிக்கும் ஆசிரியர்களை, இருப்பாய்வில் ஒருபோதும் சமனாகாத இத்தகைய பேரேட்டைக் கொண்டு அளப்பது நியாயமாகாது. கூட்டு முயற்சியை ஊக்குவிக்கும் நல்லெண்ணமே இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும், பழைய பேரேடுகளோடு தனித்து அமர்ந்து வருஷக்கணக்கில் உழைத்த ஒருவரைவிட, பெயர்களைப் பகிர்ந்துகொண்ட ஐவரின் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாவதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

அடிப்படை மதிப்பின்மேல் ஏட்டின் தாக்கக் காரணியும் வந்து சேர்கிறது. ஓர் ஏடு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அக்காரணி. அது 1க்குக் குறைவாயின் 10 மதிப்பெண்ணும், 10ஐக் கடந்தால் 30 மதிப்பெண்ணும் கூடும். அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்ட் இதை வகுத்தது, தம் மேற்கோள் அட்டவணையில் எந்த ஏடுகளைச் சேர்ப்பது என்று தெரிந்தெடுப்பதற்காக. அதற்கு முன்பே, 1948இல், சீர்காழியில் பிறந்தவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகருமான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணிதத்தால் அளக்கும் சாஸ்திரம் ஒன்று வேண்டுமென்று இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். இரண்டும் மனிதரை அளப்பதற்காகப் பிறந்த சிந்தனைகள் அல்ல. ஏட்டைத் தெரிந்தெடுக்க உண்டான அளவுகோலை மனிதரைத் தெரிந்தெடுக்கப் பயன்படுத்தியதே பிழையின் ஆரம்பம் என்பது என் கருத்து. மருத்துவத்தில் ஒரு கண்டுபிடிப்பு சில மாதங்களில் நூறு கட்டுரைகளில் எதிரொலிக்கும். கணக்கியலிலோ, 1926 முதல் வெளிவரும் ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ போன்ற பெருமதிப்புடைய ஏட்டின் கட்டுரைகூட மெல்ல மெல்லத்தான் பரவுகிறது. இரண்டாண்டு அளவுகோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் வகுத்த எச் குறியீடு ஆளையே அளப்பதாயினும், மேற்கோள்களின் எண்ணிக்கைக்கு அப்பால் அதுவும் செல்வதில்லை.

நம் ஊரில் கோரைப்பாய் வாங்குபவர், நெய்தவர் எத்தனை பாய் நெய்தார் என்று விசாரிப்பதில்லை. விரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்குகிறார். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? ஆரணிப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், சரிகை விலை ஏறி இறங்கும் காலத்தில் தேங்கிக் கிடக்கும் புடவைகளை அடக்க விலைக்கு மதிப்பதா, சந்தை விலைக்கு மதிப்பதா, அம்முடிவு நெசவாளரின் போனஸை எவ்வாறு பாதிக்கும் என்று ஓர் ஆசிரியர் ஆராய்ந்து தமிழில் எழுதுவாராயின், சங்கத்தின் செயலாளருக்கும் அதிகாரிகளுக்கும் அதனால் விளையும் பிரயோஜனம் பெரிது. மேற்கோள் அட்டவணையில் அதன் மதிப்பு பூஜ்யமாகவே இருக்கக்கூடும்.

எண்ணிக்கைக்கு விலை வைத்தபோது, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் ஏடுகள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தான் அங்கீகரித்த ஏடுகளின் பட்டியலிலிருந்து 4,305 ஏடுகளை நீக்கிற்று. 2019இல் ‘கேர்’ என்ற புதுப் பட்டியலை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, ஏடுகளின் தரத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைக் கல்வி ஸ்தாபனங்களிடமே ஒப்படைத்தது. ஆகையால் இப்போது பொறுப்பு நம் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் சார்ந்தது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தாரும் அதனோடு இணைந்த கல்லூரிகளின் வணிகவியல் துறையினரும், ஒவ்வோர் ஆசிரியரும் தாம் எழுதியவற்றுள் சிறந்தவையெனக் கருதும் மூன்று கட்டுரைகளைப் பெற்று, துறையறிந்த இருவரை அவற்றை முழுவதும் படிக்கச் செய்து, அவர்தம் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்கிய பின்னரே மதிப்பெண் இடும் வழக்கத்தை இக்கல்வியாண்டிலேயே தொடங்குவார்களாக.